காய் உருட்டுபவர் ஒருவர், பாம்பில் இறங்குபவர் இன்னொருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுற்றுச்சூழல் நாள், பூமி நாள் என்று வரும்போதெல்லாம் எங்கள் பகுதிப் பள்ளிகளிலும் ஊராட்சிக் கூடங்களிலும் நடைபெறும் விழிப்புணர்வு முகாம்களில், தரையில் விரித்து ஆடும் பெரிய பரமபதப் படம் ஒன்று இப்போது தவறாமல் இடம்பெறுகிறது. மரக்கன்று நட்ட கட்டத்தில் ஓர் ஏணி. துணிப்பை எடுத்துச் சென்ற கட்டத்தில் இன்னோர் ஏணி. குழாயை மூட மறந்த கட்டத்திலும், நெகிழிப் பை வாங்கிய கட்டத்திலும், ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடும் கட்டத்திலும் பாம்புகள் வாய் பிளந்திருக்கின்றன. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு ஆடுகிறார்கள், சில செய்திகளை மனத்திலும் வாங்கிக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், காலநிலை மாற்றத்தை விளையாட்டின் வழியே சொல்லிக்கொடுக்க முடியும், சொல்லிக்கொடுக்கவும் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறவள். அதனாலேயே, இந்தப் படம் கற்பிக்கும் பாடத்தில் பெரிய பிழை ஒன்று இருப்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக வீடுகளில் ஆடப்பட்ட பழைய பரமபதத்தில் ஒவ்வொரு பாம்பும் ஒரு தீய குணத்துக்கும், ஒவ்வோர் ஏணியும் ஒரு நற்செயலுக்கும் உரியது. பாவம் செய்தவரே சறுக்குவார், புண்ணியம் செய்தவரே ஏறுவார் என்பது அதன் கணக்கு. ஓர் உயிர் தன் வினைக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்னும் அறநெறிக்கு அந்தக் கணக்கு பொருந்தும். காற்றுக்கும் ஆற்று நீருக்கும் காலநிலைக்கும் அது பொருந்தாது. இங்கே காய் உருட்டுபவர் ஒருவர். பாம்பின் வாயில் விழுந்து இறங்குபவர் வேறொருவர். உலக மக்களில் வசதி மிகுந்த 10 விழுக்காட்டினரே மொத்தக் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழப் பாதிக்குக் காரணம் என்று ஆக்ஸ்பாம் அமைப்பு கணக்கிட்டுள்ளது; புயலிலும் வெப்ப அலையிலும் முதலில் வீழ்வோர் அந்த 10 விழுக்காட்டினர் அல்லர்.

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தின் அருகே வாழும் மீனவக் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டில் ஓடுவது ஒரு மின்விசிறி, எரிவது இரண்டு விளக்குகள். பெருநகருக்கும் அதற்கு அப்பாலும் மின்சாரம் தரும் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலும் சுடுநீரும் வந்து சேர்வதோ, அவர்கள் வலை வீசும் கழிமுகத்தில். சாம்பல் படிந்து ஆழம் குறைந்த ஓடையில் இறாலும் நண்டும் அருகிவிட்டன; படகு தரை தட்டுகிறது; பெருமழையில் பூண்டி ஏரியின் உபரி நீரைத் திறக்கும்போது, கடலுக்குப் போக வழி கிடைக்காத வெள்ளம் தெருவுக்குள் நுழைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகம் எங்கும் பரவி, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களிலும் கரும்பூச்சாக அப்பியிருந்ததை நாடறியும். அந்தக் குடும்பத்துப் பிள்ளையை நடுவில் நிறுத்தி, “மின்விசிறியை அணைக்க மறந்தாய், ஆகவே கீழே இறங்கு” என்று சொல்லும் விளையாட்டு, செய்யாத குற்றத்தை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டுகிறது. குற்றம் எங்கே தொடங்கியது என்று கேட்கும் பழக்கத்தையும் அது மழுங்கடித்துவிடுகிறது. இது சின்னப் பிழை என்று எனக்குத் தோன்றவில்லை.

நேர்நிலையில் தொடங்காத விளையாட்டு நமக்குப் புதிதன்று. பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இன்றும் கீறல்களாகக் காணப்படும் ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம்; ஆடு எதையும் வெட்ட முடியாது. ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, புலி நகரும் வழிகளையெல்லாம் அடைத்தால்தான் வெல்ல முடியும். பல்லாங்குழியிலும் இப்படித்தான்: முதல் ஆட்டத்தில் முத்துகளை இழந்தவர் அடுத்த ஆட்டத்தில் தம் பக்கத்துக் குழிகள் அனைத்தையும் நிரப்ப முடியாமல் சிலவற்றை வெறுமையாக விட்டே தொடங்க வேண்டும். தோற்றவருக்கு அடுத்த முறையும் தோல்வி எளிதாகிவிடுகிறது என்பதை, ஒரு முழு நூலும் விளக்க முடியாத தெளிவோடு அந்த வெற்றுக் குழிகள் காட்டிவிடும். நம் பாட்டிமார் கையில் இருந்த இந்த நுட்பத்தை விட்டுவிட்டு, எல்லாரும் முதற்கட்டத்தில் ஒன்றாக நின்று தொடங்கும் படத்தை மட்டும் காலநிலைக் கல்விக்கு எடுத்துக்கொண்டது ஏன் என்று நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

உலகின் வேறு இடங்களில் இதை உணர்ந்து செய்திருக்கிறார்கள். கிளைமேட் இன்டராக்டிவ் என்ற அமைப்பு உருவாக்கிய ‘வேர்ல்டு கிளைமேட்’ என்னும் விளையாட்டில், பங்கேற்போர் நாடுகளின் குழுக்களாகப் பிரிந்து, எவ்வளவு உமிழ்வைக் குறைப்பது, யார் எவ்வளவு பணம் தருவது என்று பேரம் பேசுகிறார்கள். அவர்கள் எடுத்த முடிவைக் கணினியில் இட்டு, இந்த நூற்றாண்டின் இறுதியில் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை அங்கேயே காட்டுகிறார்கள். என்னைக் கவர்ந்தது கணினி அன்று, அறையின் அமைப்பு. பணக்கார நாடுகளுக்கு விரிப்புப் போட்ட மேசையும் தின்பண்டங்களும் உண்டு. மிக ஏழை நாடுகளின் குழு தரையில் உட்கார வேண்டும். கடல்மட்டம் உயரும் கட்டம் வரும்போது, தரையில் இருப்பவர்கள் மீது ஒரு நீலத் துணியைப் போர்த்திவிடுவதும் உண்டு. 8 நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற அமர்வுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, பெரும்பாலானோருக்கு இந்தச் சிக்கல் பற்றி மேலும் அறியவும் செயற்படவும் ஊக்கம் கூடியது என்று தெரிவித்தது. வரைபடத்தையும் எண்களையும் பார்த்து வராத ஊக்கம், தரையில் உட்கார்ந்து மேசையை அண்ணாந்து பார்த்தபோது வந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பி வாழும் சிற்றூர்களில், சூழலியல் பாதுகாப்பு அறக்கட்டளையும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நிலத்தடி நீர் விளையாட்டு ஒன்றை நடத்தின. ஐந்து பேர் ஒரு குழு. ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாக ஆடினார்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு பருவம். தண்ணீர் குறைவாகக் குடித்துக் குறைந்த வருமானம் தரும் பயிரா, தண்ணீரை மிகுதியாக உறிஞ்சிக் கூடுதல் வருமானம் தரும் பயிரா என்று ஒவ்வொருவரும் பிறர் அறியாமல் முடிவு செய்ய வேண்டும். அனைவரின் முடிவையும் கூட்டி, நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்டுவார்கள். முதற்சுற்றுகளில் பேசக் கூடாது. பின்னர் வரும் சுற்றுகளில் கலந்து பேசலாம். ஆட்டம் முடிந்ததும் ஊரே கூடி, விளையாட்டில் நடந்தது தங்கள் கிணறுகளில் நடப்பதோடு எப்படி ஒத்துப்போகிறது என்று விவாதிக்கும். விளையாடிய ஊர்களையும், அதே நீர்மேலாண்மைத் திட்டத்தில் இருந்தும் விளையாடாத ஊர்களையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது, விளையாடிய ஊர்களே நிலத்தடி நீருக்குப் பதிவேடும் விதிமுறைகளும் ஏற்படுத்திக்கொள்வதில் முந்தி நின்றன என்று 2018-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை கூறுகிறது. ஆட்டத்துக்குப் பின் நடந்த அந்த ஊர்க்கூட்டம் இல்லாதிருந்தால் இந்தப் பயன் விளைந்திருக்காது என்பது என் எண்ணம்.

இவற்றையெல்லாம் படித்தறிந்த பிறகு, நானும் உடன் பணியாற்றிய இரண்டு ஆசிரியைகளும் எங்கள் ஆற்றுக்கென்றே ஒரு விளையாட்டை அமைத்தோம். தரையில் சுண்ணக்கட்டியால் பூண்டியிலிருந்து முகத்துவாரம் வரை கொசஸ்தலை ஆற்றை வரைந்தோம். மின்நிலையம், நகரத்துக் குடும்பம், ஆற்றங்கரை உழவர், படகு வைத்திருக்கும் மீனவர், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண் என ஐந்து இருக்கைகள். யார் எங்கே உட்காருவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தோம். புளியங்கொட்டைகளே செல்வம். நகரத்துக் குடும்பம் 20 கொட்டைகளோடு தொடங்கும், மீனவர் 6, இருளர் பெண் 3. சோழியை உருட்டும் உரிமை மின்நிலையத்துக்கு மட்டுமே. எத்தனை சோழி நிமிர்ந்து விழுகிறதோ அத்தனை கொட்டைகள் அதற்குக் கிடைக்கும், அதில் பாதி மின்சாரமாக நகரத்துக்குப் போகும். ஆனால் ஒவ்வோர் உருட்டலுக்கும் ஒரு பிடி சாம்பல். அது முகத்துவாரத்தின் குழிகளில் ஒன்றை மூடிவிடும். மீனவரும் இருளர் பெண்ணும் திறந்திருக்கும் குழிகளிலிருந்து மட்டுமே ஆண்டுக்கு ஒரு கொட்டை எடுக்கலாம். இடையிடையே மழைச்சீட்டு வரும். பூண்டி திறக்கும் ஆண்டில், எத்தனை குழிகள் மூடியிருக்கின்றனவோ அத்தனை கொட்டைகளைக் கரையில் இருப்பவர்கள் இழக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளோடு ஆடியபோது ஆட்டக் கணக்கின் நான்காம் ஆண்டிலேயே இருளர் பெண்ணின் இருக்கையில் அமர்ந்திருந்த சிறுவனின் கை வெறுமையாகிவிட்டது. அவன் சினத்தோடு எழுந்து, “நான் ஒரு தடவைகூட உருட்டவே இல்லையே, மிஸ்!” என்றான். வகுப்பில் பல ஆண்டுகள் நான் பாடம் நடத்தியும் சுற்றுச்சூழல் நீதி என்ற சொல்லை அத்தனை சரியாக எந்த மாணவனும் எனக்குத் திருப்பிச் சொன்னதில்லை.

மீனவப் பெண்களோடு ஆடிய நாள் வேறு வகையில் பாடம் தந்தது. விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே ஒரு மூதாட்டி, “எங்க கஷ்டம் உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா, டீச்சர்?” என்று கேட்டார். தமிழில் விளையாட்டு என்றால் பொருட்படுத்த வேண்டாதது என்ற பொருளும் உண்டு அல்லவா? அவரிடம் மன்னிப்புக் கேட்டு, இதை ஆட்டம் என்றே சொல்லிக்கொள்கிறோம் என்றேன். எண்ணெயில் படகை இழந்த குடும்பத்துப் பெண் ஒருவர், மழைச்சீட்டு வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். உண்மையில் இழந்தவரை மறுபடி இழக்கச் செய்து பார்ப்பது கல்வியாகாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று முதல் ஒரு விதியை மாற்றிக்கொண்டோம்: பாதிக்கப்பட்டவர்களோடு ஆடும்போது அவர்களுக்கு மேற்கரை இருக்கைகளே, அதாவது மின்நிலையமும் நகரமுமே, கழிமுகத்து இருக்கைகளில் நாங்கள் ஆசிரியைகள் அமர்வோம்.

அந்த மாற்றம் நாங்கள் எதிர்பாராத இடத்துக்குப் பேச்சைக் கொண்டுபோனது. மின்நிலையத்தின் இருக்கையில் அமர்ந்த மீனவப் பெண், முதல் மூன்று ஆண்டுகளும் தயங்காமல் உருட்டினார். குழிகள் மூடிக்கொண்டே போயின. நிறுத்திக் கேட்டபோது, “உருட்டினா கொட்டை வருது, உருட்டாம இருந்தா ஒண்ணும் வரல, யாரு அங்க உக்காந்தாலும் உருட்டத்தானே செய்வாங்க” என்றார். கெட்டவர் யார் என்ற பேச்சு அதோடு நின்று, விதி என்னவாக இருக்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கியது. மூடிய குழியைத் தன் கொட்டையைக் கொடுத்துத் திறந்துவிட்ட பிறகே அடுத்த முறை உருட்டலாம் என்று அவர்களே ஒரு விதி வகுத்தார்கள். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கத்தை மேற்கோள் காட்டி, உருட்டுவதற்கும் பாடு வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பொதுச் சொத்தைப் பங்கிட்டு ஆள்வது எப்படி என்பது குறித்து இந்த மக்களுக்குக் கற்றுக்கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. அவர்களுக்கு அது தலைமுறைகளாகக் கைவந்த கலை. ஆட்டம் அதைப் பேசுவதற்கு ஓர் இடத்தை மட்டுமே தந்தது.

ஒரே பலகையில் இரு விதமான விதிகளை ஆடிப் பார்ப்பதும் நாங்கள் கண்டுபிடித்தது அன்று. அமெரிக்கப் பெண்மணி எலிசபெத் மேகி, நிலத்தைக் குவித்து வைத்து வாடகை வாங்குவதன் தீங்கை உணர்த்துவதற்காக ஒரு பலகை விளையாட்டை வடிவமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். ஒருவர் அனைத்தையும் கைப்பற்றும் விதிகள் ஒரு பக்கம், வளம் எல்லாருக்கும் பெருகும் விதிகள் மறுபக்கம் என அதற்கு இரண்டு ஆட்டமுறைகள் அமைந்தன. பின்னாளில் அது மோனோபோலியாகி உலகெங்கும் விற்பனையானபோது முதல்வகை விதிகள் மட்டுமே நிலைத்தன. கண்டிக்க வந்த விளையாட்டு, கண்டிக்கப்பட்டதையே கற்பித்தது. பேசிப் பார்க்கும் பகுதியை வெட்டிவிட்டுப் பலகையை மட்டும் வைத்துக்கொள்ளும் எந்தத் திட்டத்துக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

அரசிடம் நான் வேண்டுவது இதுதான். 2022-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தின் கீழ் மாவட்டந்தோறும் ஆட்சியர்கள் பொறுப்பில் காலநிலை இயக்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. விழிப்புணர்வுக்கென அவை செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை, மாநிலம் முழுவதற்கும் ஒரே படத்தை அச்சிட்டு அனுப்புவதற்குப் பதிலாக, அந்தந்த ஊர் மக்களோடு உட்கார்ந்து அந்தந்த ஊருக்கான ஆட்டத்தை உருவாக்கச் செலவிட வேண்டும். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளிக்குப் பருவம் தவறிய மழைதான் பாம்பு; டெல்டாவின் கடைமடை உழவருக்குக் கடல்நீர் உள்ளே ஏறுவது; திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யலின் கீழ்க்கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு மேல்கரையில் யாரோ திறந்துவிடும் குழாய். யார் உருட்டுகிறார், யார் இறங்குகிறார் என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் ஓர் அறையில் உட்கார்ந்து அதை எவராலும் வரைய முடியாது.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அவற்றுள் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ஆம் நாள் கூட்டத்துக்கு முந்தைய வாரத்தில் இந்த ஆட்டத்தை நடத்தி, ஆட்டத்தில் மக்கள் வகுத்த விதிகளையும் சுட்டிக்காட்டிய இடங்களையும் எழுத்தில் பதிந்து, சபையின் பொருள்நிரலில் சேர்க்க வேண்டும். மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் எண்ணூர் போன்ற பகுதிகளில் பகுதி சபைகள் இதற்கு உதவும். நிகழ்வுக்கு ஒதுக்கும் மூன்று மணி நேரத்தில் பாதியாவது ஆட்டத்துக்குப் பின் வரும் பேச்சுக்கு ஒதுக்கப்பட வேண்டும். இருபது நிமிடத்தில் ஆடி முடித்து, பதாகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு கலைவதாக இருந்தால் நடத்தாமலே இருக்கலாம். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வருபவர்களுக்கு அந்த நாளின் இழப்பை ஈடுசெய்வதும் நீதியின் ஒரு பகுதியே. பேச்சில் வரும் கேள்விகளுக்கு விடை சொல்லக் கூடிய அதிகாரி ஒருவரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். முடியுமானால் அவருக்கு மூன்று புளியங்கொட்டைகளைக் கொடுத்துக் கழிமுகத்து இருக்கையில் அமர்த்த வேண்டும். ஆட்டத்தில் எழுதி வாங்கிய கோரிக்கைகளுக்கு எழுத்தில் விடை வராவிட்டால், மக்கள் அடுத்த முறை வர மாட்டார்கள், வர வேண்டும் என்று நாமும் கேட்க முடியாது.

பள்ளிகளில் இருக்கும் பரமபதப் படங்களைத் தூக்கி எறியுமாறு நான் சொல்லவில்லை. குழாயை மூடுவதும் துணிப்பை எடுத்துச் செல்வதும் நல்ல பழக்கங்களே. அந்தப் படத்தோடு ஒரே ஒரு விதியை ஆசிரியர்கள் சேர்த்து ஆடிப் பார்க்கட்டும்: ஒருவர் பாம்பின் கட்டத்தில் விழுந்தால், அவர் இருந்த இடத்திலேயே இருப்பார், கடைசியில் நிற்பவர் இறங்குவார். பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் எந்த ஊராட்சி அழைத்தாலும் எந்தக் கட்டணமும் இன்றி வந்து நடத்தித்தர நாங்கள் மூவரும் ஆயத்தமாக இருக்கிறோம். புளியங்கொட்டைகளும் சோழிகளும் சுண்ணக்கட்டியும் எங்களிடம் உள்ளன. முப்பது பேர் வட்டமாக உட்காரக் கூடிய, நிழல் உள்ள தரை ஒன்று இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
மீஞ்சூர்.